கண்ணாடி 'என்ன வேணும்?' என்று கேட்பதில்லை

நடுவர் அவர்களே, மழை வருகிற மாதிரி இருந்தும் நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'வியாபாரத்தை வளர்த்தது கடைக்காரரின் வாய்ச்சொல்லா, கண்ணாடிக்குள் வைத்த காட்சியா?' இதுதான் தலைப்பு. நான் காட்சியின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் எதிரணித் தலைவர் அண்ணாச்சி கடையைப் பற்றிப் பேசினார். கொசுறாகக் கருவேப்பிலை போடுகிற கை, மாசக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்கிற மனசு, 'வாங்கக்கா, துவரம்பருப்பு இன்னைக்குத்தான் வந்துச்சு' என்கிற வாய். அத்தனையும் உண்மை, நானும் கைதட்டினேன். ஆனால் முடிக்கும்போது ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார் பாருங்கள்: 'பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை.'

ஐயா, எந்த ஊர்ப் பூக்கடையில் பூவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்? தண்ணீர் தெளித்து, மல்லிகைச் சரத்தைப் பந்து பந்தாகச் சுருட்டி, ரோஜா மாலையை முன்கம்பியில் உங்கள் முகத்துக்கு நேராகத் தொங்கவிட்டிருப்பார் அந்த அம்மா. அது காட்சி இல்லாமல் வேறென்ன? நீங்கள் புகழ்ந்த அண்ணாச்சி கடை வாசலுக்கே வாருங்கள். வாழைத்தார் தொங்கும், ஷாம்பு சரம் தொங்கும், கண்ணாடி ஜாடியில் கடலை மிட்டாய் தெரியும். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. மதுரையில் பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று இரண்டு சந்தை நடந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. அங்கே பறந்த கொடிகளைப் பட்டியல் போடும்போது கள் விற்கிற இடத்துக்கும் ஒரு கொடி இருந்ததைச் சொல்கிறது. கள்ளுக்கே காட்சி தேவைப்பட்டிருக்கிறது, நடுவர் அவர்களே! பூக்கடையை விடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஜவுளிக்கடை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தரையில் வெள்ளை விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார வேண்டும். சரக்கெல்லாம் விற்பவரின் முதுகுக்குப் பின்னால், அலமாரியில். அவர் முதலில் நம் கழுத்தைப் பார்ப்பார், அப்புறம் காதைப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கேட்பார்: 'என்ன ரேட்டுல பாக்குறீங்க?' எங்கள் அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது எங்கப்பா இந்தக் கேள்விக்குத் தயங்கித் தயங்கி ஒரு தொகை சொன்னார். உடனே கீழ்த்தட்டிலிருந்து ஒரு கட்டு வந்து விழுந்தது. மேல்தட்டில் என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் எடுத்துப் போட்டிருப்பார்தான். ஆனால் இருபது புடவையைப் பிரித்துப் போடவைத்துவிட்டு 'அப்புறம் வர்றோம்' என்று எழுந்து வருகிற தைரியம் எத்தனை பேருக்கு உண்டு?

எதிரணி போற்றுகிற வாய்ச்சொல்லின் இன்னொரு முகம் இது. வாய் பேசுவதற்கு முன் ஆளை எடை போட்டுவிடுகிறது. கண்ணாடிக்கு அந்த வேலை தெரியாது. பையில் பத்து ரூபாய் வைத்திருப்பவரும் பத்து லட்சம் வைத்திருப்பவரும் ஒரே இடத்தில் நின்று ஒரே பட்டுப்புடவையைப் பார்க்கலாம்.

லண்டனிலும் இதே கதைதான். ஹாரி கோர்டன் செல்ஃபிரிட்ஜ் என்று ஒருவர். அமெரிக்கர், சிகாகோவில் மார்ஷல் ஃபீல்டு என்ற பெரிய கடையில் பல வருஷம் வேலை பார்த்தவர். லண்டன் கடை ஒன்றுக்குள் அவர் நுழைந்ததும் அங்கிருந்த மேற்பார்வையாளர் என்ன வேண்டும் என்று கேட்டாராம். 'சும்மா பார்க்கிறேன்' என்றாராம் இவர். 'அப்படியானால் இடத்தைக் காலி பண்ணு' என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். அந்த மனுஷர் 1909 மார்ச் 15 அன்று ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் தன் கடையைத் திறந்தார். முகப்பில் வரிசையாகப் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். ஜன்னல்களை அலங்கரிப்பதற்கென்றே எட்வர்டு கோல்ட்ஸ்மன் என்பவரை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். கடையைப் பூட்டிய பிறகும் ஜன்னலில் விளக்கெரிந்தது. கதவைச் சாத்திய பிறகு பேச அங்கே எந்த வாய் இருந்தது? ஆனாலும் வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது.

அதே வருஷம் ஜூலையில் லூயி பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயை விமானத்தில் கடந்தார். விமானத்தில் அதைக் கடந்த முதல் ஆள் அவர். செல்ஃபிரிட்ஜ் உடனே அந்த விமானத்தைக் கொண்டுவந்து கடையில் நிறுத்திவிட்டார். நான்கு நாளில் சுமார் 1,50,000 பேர் வந்து பார்த்தார்கள். விமானம் விற்பனைக்கு இல்லை, யாரும் அதை வாங்க வரவும் இல்லை. 1925-ல் ஜான் லோகி பெயர்டு தன் தொலைக்காட்சிக் கருவியை மக்களுக்குக் காட்டியதும் இதே கடையில்தான். அன்றைக்கு அதில் முகம்கூடச் சரியாகத் தெரியாது, அசைகிற நிழல் உருவம் மட்டும்தான். பார்க்க வந்தவர்கள் போகும்போது ஒரு கைக்குட்டையாவது வாங்கியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டவர் செல்ஃபிரிட்ஜ். நான் அவரைத் தர்மவான் என்று சொல்லவில்லை. 'சும்மா பார்ப்பது' குற்றமில்லை என்று ஆக்கியவர் என்று சொல்கிறேன்.

இதற்கெல்லாம் கண்ணாடி மலிவாக வேண்டியிருந்தது. பிரிட்டனில் நெடுங்காலம் கண்ணாடிக்கு எடை பார்த்து வரி போட்டார்கள். பெரிய பலகைக் கண்ணாடி என்றால் பெரிய வரி. அதனால் கடைக்காரர்கள் மரச்சட்டத்தில் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதித்து வைத்தார்கள். 1845-ல் அந்த வரியை எடுத்த பிறகுதான் ஆள் உயரக் கண்ணாடி சாதாரணக் கடைக்கும் கட்டுப்படியானது.

அடுத்து விலை. எதிரணி நண்பர் பேரத்தை ஒரு கலை என்றார். ஆமாம், கலைதான். தெரிந்தவனுக்குக் கலை, தெரியாதவனுக்கு அபராதம். வெளியூரிலிருந்து வந்தவர், அம்மா அனுப்பிய சின்னப் பிள்ளை, 'குறைச்சுக் கொடுங்க' என்று கேட்கக் கூச்சப்படுகிறவர் எல்லோரும் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பாரிஸில் அரிஸ்டீட் பூசிகோ 1852-ல் போன் மார்ஷே கடையில் கூட்டாளியாகச் சேர்ந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே விலை, அதைச் சீட்டில் எழுதி வைத்தார். உள்ளே வருகிறவர் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். துணியோடு விலையும் காட்சிக்கு வந்துவிட்டது. முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்லத் தெரியும் என்ற வியாபாரிகளுக்கு அங்கேயே சிக்கல் ஆரம்பம்.

மளிகைக்கும் இந்தக் காட்சி வந்தது. 1916-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி கடையில், சிட்டையைக் கொடுத்துவிட்டுக் காத்து நிற்கிற வேலையே இல்லாமல் போனது. தட்டில் இருப்பதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் அதை நீட்டவில்லை, இன்று நம் தெருமுனைக்கும் அது வந்துவிட்டது.

எதிரணியில் ஒரு அம்மா, 'கண்ணாடியில் இருப்பது வெறும் பொம்மை விளையாட்டு' என்றார். அவருக்காக ஒரு சம்பவம். 1939 மார்ச். நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் போன்விட் டெல்லர் என்ற கடை. ஓவியர் சால்வடோர் டாலியைக் கூப்பிட்டு ஜன்னலை அலங்கரிக்கச் சொன்னார்கள். அவர் ரோமம் ஒட்டிய குளியல் தொட்டியையும் பழைய பொம்மைகளையும் வைத்து என்னென்னவோ செய்துவிட்டுப் போனார். பார்த்தவர்கள் முகம் சுளிக்கவே கடைக்காரர்கள் பொம்மைகளை மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்த டாலிக்குக் கோபம் தலைக்கேறியது. தொட்டியைப் பிடித்துத் தள்ளினார். தொட்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது, கூடவே டாலியும் நடைபாதையில் வந்து நின்றார். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பொம்மை விளையாட்டுக்கா, அம்மா, ஒரு கலைஞன் ஜெயில் வரை போவான்?

ஆனால் அந்த அம்மா சொன்ன இன்னொன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பொம்மைக்குப் பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்திருக்கிறேன். முன்னால் சுடிதார் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். பின்னால் முதுகு நெடுக வரிசையாகக் குண்டூசி, இடுப்பில் துணி உலர்த்துகிற கிளிப் இரண்டு. புடவை என்றால் கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு ஊசி. ஏமாற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏமாற்றை இரண்டு எட்டு நடந்து பின்பக்கம் போனால் பிடித்துவிடலாம். 'உங்க நிறத்துக்குன்னே நெய்த மாதிரி இருக்கு' என்று விற்பவர் சொல்கிறாரே, அந்தச் சொல்லின் பின்பக்கத்தை எங்கே போய்ப் பார்ப்பது? வீட்டுக்கு வந்து, விளக்கைப் போட்டு, மாமியார் பார்த்த பிறகுதான் தெரியும்!

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். அடுத்து பேச வருகிற எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். உங்கள் அண்ணாச்சி கொசுறு கொடுப்பார், ஒப்புக்கொண்டேன். வருஷக்கணக்காக வருகிற அக்காவுக்குக் கொடுக்கும் அந்தக் கருவேப்பிலையை, ஊருக்குப் புதிதாக வந்து, தமிழும் சரியாகப் பேச வராமல், விரலை நீட்டிச் சாமான் கேட்கிற கட்டட வேலைக்காரருக்கும் கொடுப்பாரா? அவருக்குச் சொல்கிற விலையும் அக்காவுக்குச் சொல்கிற விலையும் ஒன்றுதானா? பதிலைச் சொல்லிவிட்டு உங்கள் உரையை ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.