மண்ணுக்குள் ஒரு மீன் வாடை

வணக்கம் நேயர்களே.

ஐப்பசி மழை முதல் முதலாக விழுந்ததும் தம்பலகாமத்து வரம்பில் நின்று பார்த்திருப்பீர்கள். காய்ந்து வெடித்துக் கிடந்த வயலிலிருந்து ஒரு வாசம் எழும். மண் வாசம் என்று சொல்கிறோம். அந்த வாசத்தில் முக்கியமான பங்கு, மண்ணில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பக்டீரியா உண்டாக்கும் ஜியோஸ்மினுக்கு. இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே போதும், நம் மூக்கு பிடித்துவிடும்.

ஆனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது இன்னொரு வாடையை. திருகோணமலை மீன் சந்தையில் உச்சி வெயில் ஏறிய பிறகு, விற்காமல் மிஞ்சிய பாறையிலும் சூரையிலும் கிளம்புமே, அது. அதைத் தருவது பெரும்பாலும் ட்ரைமெதிலமைன் என்ற பொருள். இதே பொருளை, கடலே காணாத மண்ணுக்குள் இருந்துகொண்டு ஸ்ட்ரெப்டோமைசிஸும் விடுகிறது. எப்போது விடுகிறது என்பதுதான் அழகு.

2017இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மேரி எலியட்டின் ஆய்வுக்குழு ஒரு வேலை செய்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தனியாக ஒரு தட்டில் வளர்த்தால், வைத்த இடத்திலேயே சின்னப் பொட்டுப்போல இருக்கும். பக்கத்தில் ஈஸ்ட்டை வைத்தார்கள். பாணுக்கு மா புளிக்கப் போடுகிறோமே, அதே ஈஸ்ட். அதுவும் பங்கசு இனம்தான். இரண்டு கிழமைக்குள் அந்தப் பொட்டு தட்டு முழுவதும் படர்ந்துவிட்டது. குறுக்கே இருந்த தடுப்பின்மேலும் ஏறிப் போனது. நகராது என்று எல்லோரும் நினைத்திருந்த பக்டீரியா அது!

காரணம் பசி. ஈஸ்ட் அங்கிருந்த குளுக்கோசைத் தின்று தீர்த்துவிட, ஸ்ட்ரெப்டோமைசிஸ் தன் போக்கை மாற்றிக்கொண்டு ட்ரைமெதிலமைனை விடுகிறது. சுற்றுப்புறம் காரத்தன்மை ஆகிறது. அப்புறம் அந்த வாடை காற்றில் போய், தடுப்புக்கு அப்பால் ஈஸ்ட்டே இல்லாமல் சும்மா கிடந்த இன்னொரு ஸ்ட்ரெப்டோமைசிஸையும் கிளப்பிவிடுகிறது. சொந்தக்காரருக்கு அது தூது. அந்நியருக்கு ஆபத்து: வாடை படும் இடத்தில் மற்றப் பக்டீரியாக்கள் இரும்புச்சத்துக் கிடைக்காமல் தவித்துப் போகின்றன.

பக்டீரியா ஏன் வாடையை நம்ப வேண்டும்? மண் என்பது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஓட்டைகள் கொண்ட வீடு. நீரில் கரைந்த பொருள் அதில் ஊர்ந்துதான் போகும். வாயு அதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு வேகமாகப் பரவும். நீர் கட்டிய வயலில் இந்தப் பாதைகள் அடைபட்டுவிடும்; நிலாவெளிப் பக்கத்து மணல் தோட்டத்தில் திறந்தே கிடக்கும்.

பங்கசைத் தடுக்கும் வாடைகளும் உண்டு. சில சூடோமோனாஸ் பக்டீரியாக்கள் ஐதரசன் சயனைட்டை விடுகின்றன. மரவள்ளியைச் சரியாக அவிக்காமல் தின்னாதே என்று அம்மாமார் சொல்வது இந்த நஞ்சுக்காகத்தான். புகையிலை வேரைக் கறுத்து அழுகவைக்கும் பங்கசு ஒன்றை அடக்குவதில் இதற்குப் பங்குண்டு என்று 1989இல் காட்டினார்கள்.

பங்கசும் வாய்மூடி இருப்பதில்லை. ஃபியூசேரியம் குடும்பம் வெங்காயம் செய்கிறவர்களுக்குத் தெரியும், அடியை அழுகவைப்பது அதுதான். அந்தக் குடும்பத்துப் பங்கசு ஒன்றின் வாடை பட்டதும், செராசியா என்ற பக்டீரியா சோடோரிஃபென் என்ற வாசப்பொருளை உண்டாக்கத் தொடங்குகிறது. இருவருக்கும் நடுவில் தொடுகையே இல்லை, வெறும் காற்று மட்டும்.

சரி, இந்த வாடைகளைப் போத்தலில் அடைத்து வயலுக்கு அடிக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது என்பேன். தட்டில் பக்டீரியாவுக்குச் சாப்பாடு தாராளம், மண்ணில் அரைவயிறு. என்ன தின்கிறதோ அதைப் பொறுத்தே என்ன வாடை விடும் என்பதும் மாறும். வைக்கோலை எரித்த மண்ணும், மக்கவிட்ட மண்ணும் அவற்றுக்கு ஒரே சாப்பாட்டைப் போடுவதில்லை.

அந்த முதல் மழை வாசத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜியோஸ்மினை முகர்ந்து துள்ளுவாலிகள் என்ற நுண்ணிய பூச்சிகள் தேடி வரும், ஸ்ட்ரெப்டோமைசிஸைத் தின்னும், போகும்போது அதன் வித்திகளை உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டு அடுத்த வரம்புக்குக் கொண்டுபோகும். 2020இல் தெரியவந்த செய்தி இது.

நன்றி நேயர்களே, வணக்கம்.