முளைத்த தானியமும் உயர்ந்த கூரையும்

நேயர்களே, வணக்கம்.

விதைநெல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, எடுத்து ஈரச் சாக்கில் கட்டி வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். மட்டக்களப்பு, அம்பாறை வயல்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த முளைநெல்லில் இரண்டு மணியை உமி நீக்கி மென்று பார்த்திருக்கிறீர்களா? கொஞ்ச நேரத்தில் நாக்கில் ஒரு இனிப்பு ஊறும். சின்ன வயதில் அப்பாவோடு வயல்வட்டைக்குப் போகும்போது சாக்குக்குள் கையை விட்டு எடுத்துத் தின்றிருக்கிறேன். உள்ளே கை வைத்தால் இளஞ்சூடாக இருக்கும். தானியம் மூச்சு விடுகிற சூடு அது.

நான் இன்று பேச வந்தது நுவரெலியாவில் இருந்த பழைய பியர் ஆலையைப் பற்றி. அதற்கு ஏன் முளைநெல்லில் தொடங்குகிறேன் என்றால், பியருக்கு அடிப்படையான மோல்ட் என்பதும் முளைவிட்ட தானியம்தான். நாம் நெல்லுக்குச் செய்வதை பியர் ஆலைக்காரர்கள் பார்லிக்குச் செய்கிறார்கள். நாம் முளையை வயலில் வீசுகிறோம். அவர்கள் முளைத்ததும் சூடு காட்டி உலர்த்தி, வளர்ச்சியை நிறுத்திவிடுகிறார்கள். மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் நொதியம் அந்த மணிக்குள் உண்டாகியிருக்கும். நான் வாயில் உணர்ந்த இனிப்புக்கும் அதுதான் காரணம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடியின் பெருமை பேச நான் வரவில்லை. குடியால் குலைந்த வீடுகள் நம் பக்கத்தில் எத்தனை என்று எனக்கும் தெரியும். நான் கட்டிடப் படம் வரைந்து பிழைத்தவன். ஒரு தொழில் தன் கட்டிடத்துக்கு எப்படி உருவம் கொடுக்கிறது என்பதுதான் என் ஆசை.

சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டையாட இலங்கைக்கு வந்தவர். காய்ச்சலில் படுத்து, உடல் தேறுவதற்காக நுவரெலியாவுக்குப் போனார். அந்தக் குளிர் அவருக்குப் பிடித்துப்போயிற்று. 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்கள், மாடுகள், கலப்பைகள் என்று கப்பலேற்றிக் கொண்டுவந்து அங்கே பண்ணை போட்டார். அடுத்த ஆண்டிலேயே அங்கே சிறிய அளவில் பியர் காய்ச்சத் தொடங்கினார்கள். பின்னாளில் இதே பேக்கர்தான் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய், 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்டவர். அவர் 1855இல் இலங்கையை விட்டுப் போனார். பியர்த் தொழில் மட்டும் மலையில் தங்கிவிட்டது. 1881இல் அது முறையான வணிக ஆலையாயிற்று.

ஏன் நுவரெலியா? கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். காய்ச்சிய சாறு ஆறி, அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் வேலை செய்யும்போது சூடு ஏறினால் சரக்குக் கெட்டுவிடும். கார்ல் வொன் லிண்டெ என்ற ஜெர்மானியர் செய்த குளிரூட்டும் இயந்திரம் 1870களில்தான் பியர் ஆலைகளுக்குள் வந்தது. அதற்கு முன் வெப்பநாட்டில் பியர் காய்ச்ச மலை ஏற வேண்டும், வேறு வழியில்லை. நம் கல்லடிக் கடற்கரையில் யாராவது அன்றைக்கு முயன்றிருந்தால் இரண்டே நாளில் புளித்த தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். அத்தோடு பிதுருதலாகலை மலைப்பக்கத்துத் தெளிந்த தண்ணீரும் அங்கே கிடைத்தது.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து ஐரோப்பிய பியர் ஆலைகள் பல, கோபுரம் போல உயர்ந்து நிற்பவை. அழகுக்காக அப்படிக் கட்டவில்லை. தானியத்தையும் தண்ணீரையும் ஒரே தடவை மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டால் மற்றதெல்லாம் தானாகக் கீழே இறங்கும். உச்சியில் தண்ணீர்த் தாங்கி, அதன் கீழே அரைக்கும் இயந்திரம், அப்புறம் வெந்நீரில் மாவு கரைக்கும் தொட்டி, அதற்கும் கீழே, பியருக்குக் கசப்பு கொடுக்கும் ஹொப்ஸ் பூவோடு சாறு கொதிக்கும் செப்புக் கொப்பரை. மோல்ட் செய்யும் கட்டிடம் இதற்கு நேர் எதிர். தானியத்தைத் தரையில் மெல்லிய படையாகப் பரப்பி மரச் சவளால் புரட்ட வேண்டும். அதனால் கூரை தாழ்வு, யன்னல்கள் சிறியவை, அவற்றை மூடித் திறந்துதான் ஈரத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்துவார்கள். உலர்த்தும் சூளைக்கு மட்டும் கூம்புக் கூரை. ஈர ஆவி அதன் உச்சி வழியே வெளியேறும். வெளியே நின்று கூரையைப் பார்த்தாலே உள்ளே எங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். மலையகத் தேயிலைத் தொழிற்சாலையும் இப்படித்தான். மேல்மாடி முழுக்க யன்னலாக இருந்தால் அங்கே கொழுந்து வாட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

1990களில் கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் புதிய ஆலை எழுந்தது. குளிரை மின்சாரம் கொடுக்கும்போது மலை எதற்கு? துறைமுகமும் சந்தையும் கீழேதான் இருக்கின்றன. உற்பத்தி மலையை விட்டு இறங்கிவிட்டது.

இதைச் சொல்லும்போது என் நினைவுக்கு வருவது எங்கள் ஊர் நெல்லு மில். நம் மாவட்டத்தில் பெரிய ஆலை என்றால் எல்லோரும் வாழைச்சேனைக் காகித ஆலையைச் சொல்வார்கள், 1956இல் தொடங்கியது. அம்பாறைப் பக்கம் ஹிங்குராணை சீனித் தொழிற்சாலை. அவற்றுக்குப் பதிவுகள் உண்டு. ஊர் மில்லுக்கு என்ன இருக்கிறது? நெல் ஊறிய சீமெந்துத் தொட்டிகள் நாலு, அவிப்பதற்கு நீராவிக் கொதிகலன், அடுப்பில் எரிக்க உமி, வெளியே அவித்த நெல் காயப்போடும் களம். களம் மெல்லிய சரிவாக இருக்கும், மழைத் தண்ணீர் ஒரு மூலைக்கு வடிய வேண்டும் என்பதற்காக. அந்தச் சரிவை அன்று கண்ணாலேயே பார்த்துப் போட்ட மேசன் இன்று இல்லை. கூரையும் விழுந்துவிட்டது. தொட்டியின் உட்சுவரில் ஊறல் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

அங்கே உமி தள்ளி நெருப்புப் பார்த்த ஐயா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது. கொதிகலன் எந்தப் பக்கம் பார்த்து நின்றது, நெல் எந்த வாசலால் உள்ளே வந்தது என்று கேட்டால் கையால் காற்றில் வரைந்து காட்டுகிறார். வருகிற ஞாயிறு அவரையும் கூட்டிக்கொண்டு அளவுநாடாவோடு அங்கே போகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு மில்லும் ஒரு ஐயாவும் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு ஒரு கொப்பித் தாளிலாவது வரைந்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.