மோயாற்றங்கரை நீர்மருது

நேயர்களுக்கு வணக்கம். நீலகிரிக்கு வடக்கே முதுமலைக் காட்டை ஒட்டி ஓடி, ஆழ்ந்த பள்ளத்தாக்கின் வழியே இறங்கிப் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கும் மோயாற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மலை மழையை மறைத்துவிடுவதால் அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி முட்காடுதான். கோடையில் வாய்க்கால் ஓரம் மட்டும் பச்சை பிடித்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கும் அப்படித்தான், ஆற்றை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டும் நீர்மருதும் நாவலும் ஓங்கி நிற்கின்றன.

அந்த நீர்மருதின் உச்சியில்தான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. பிணந்தின்னிக் கழுகு என்று பலரும் சொல்வதைப் பாறு என்றே சொல்லுங்கள் என்பது என் நெடுநாளைய வேண்டுகோள். பழந்தமிழ்ப் பெயர் இருக்க, அருவருப்பை ஏற்றும் பெயர் எதற்கு?

ஒருமுறை மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் என்னிடம், "அழுகின மாட்டைத் தின்னும் சாகாத பறவை, மாட்டுக்குப் போட்ட வலி ஊசியால சாகுமா சாமி?" என்று கேட்டார். அதைவிடக் கூர்மையான கேள்வியை நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. பாறின் வயிற்று அமிலம் கொடிய நோய்க்கிருமிகளையும் அழித்துவிடும். ஆனால் அந்த வலி ஊசியில் இருக்கும் டைக்ளோபினாக் கிருமியன்று, மருந்து; ஊசி போட்ட மாடு இறந்தால், அதைத் தின்னும் பாறின் உடலுக்குள் அது போய்விடும். அது சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ய, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளையாகப் படிந்து, சில நாட்களில் பறவை இறந்துபோகிறது. 1990களின் தொடக்கத்திலிருந்து 2007க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் மறைந்தன. காரணம் 2004இல் வெளியானது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததால், 2015இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவையும் 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கில்லாத மாற்று. உங்கள் மாட்டுக்கு வலி ஊசி போடும்போது அதையே கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். ஆகவே கூடுள்ள நீர்மருது ஒன்று சாய்ந்தால், அந்த ஆண்டின் குஞ்சும் அதோடு போய்விடும்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். நீர்நாய்களைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். கரைப் பாறையில் மீன்செதில் கலந்த எச்சம் கிடந்தால் அவை அருகில்தான் இருக்கின்றன. அதே மரங்களின் வேரிடுக்குகளில் அவை குட்டிகளை மறைத்து வளர்க்கும். வணக்கம்.