ஊர்ப் பெயர் சரியாக வரும்வரை: வரைபட நிரலகத்தை மூலத்திலிருந்து கட்டுதல்

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

என் கையில் உள்ள இந்தத் தாளை முன்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய மூன்று அணைகளின் நீர்மட்டத்தைக் கார் பருவத்தில் நாள்தோறும் குறித்துவைத்து, அதைக் கணினியில் கோடுகளாக வரைந்த படம் இது. முழு மட்டம் பாபநாசத்தில் 143 அடி, சேர்வலாற்றில் 156 அடி, மணிமுத்தாற்றில் 118 அடி என்பது நாளிதழில் அணை நிலவரம் பார்ப்பவர்களுக்கு மனப்பாடம். கோடுகளில் பிழை இல்லை. ஆனால் தலைப்பைப் பாருங்கள். ‘திருநெல்வேலி’ என்ற சொல்லில் ‘நெ’யின் ஒற்றைக்கொம்பு ‘ந’வுக்கு முன்னால் நிற்காமல், பின்னால் போய் ‘ல்’லோடு ஒட்டிக் கிடக்கிறது. ‘வே’யின் இரட்டைக்கொம்போ ‘லி’க்கு முன்னால் நிற்கிறது. தன் ஊர்ப் பெயரே சிதைந்திருக்கும் படத்தை ஒரு விவசாயியிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிழையைத் திருத்தப் போய்த்தான் நான் வரைபட நிரலகம் ஒன்றை, அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் செயற்கூறுகளின் தொகுப்பை, அதன் மூல நிரலிலிருந்தே கட்டக் கற்றுக்கொண்டேன்.

கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ‘நெ’ என்பது முதலில் ‘ந’, அதன்பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது அந்தக் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பு வரைகிற மென்பொருளுடையது. ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம் இந்த வேலையைச் செய்கிறது. பாங்கோ அதைப் பயன்படுத்தி வரியை அமைக்கிறது. கெய்ரோ அதைப் படமாகத் தீட்டுகிறது. இந்த மூன்றும் இல்லாமல், எழுத்துருவிலிருந்து ஒவ்வொரு குறியாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே போகும் முறையில் தமிழ் நிச்சயமாகக் கெடும். இதில் ஏமாறவும் வழி உண்டு. நான் முதலில் சோதித்துப் பார்த்த சொல் ‘பாபநாசம்’. அதில் கொம்பே கிடையாது. கால்களும் புள்ளியும்தான் உண்டு. ஆகவே அது ஒழுங்காக வந்தது, நானும் தமிழ் வந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். அன்றே ‘சேர்வலாறு’ என்று எழுதிப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

நான் கட்டியது பிஎல்பிளாட் என்னும் நிரலகம். அதன் உட்கரு சி மொழியில் எழுதப்பட்டது. பைத்தான், டிசிஎல், ஆக்டேவ், லுவா போன்ற மொழிகளிலிருந்து அதை அழைப்பதற்குப் பிணைப்புகள் உண்டு. படத்தைக் கோப்பாகவோ திரையிலோ தருவதற்குத் தனித்தனிச் சாதன இயக்கிகள் உண்டு. கெய்ரோ வழியாக வரைவது அவற்றில் ஒரு குடும்பம். 2019-இல் வெளிவந்த 5.15.0 பதிப்பை இறக்கி, மூலக் கோப்புறைக்கு வெளியே தனியாக ஒரு கட்டுமானக் கோப்புறையைத் திறந்து, அங்கிருந்து, கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று தேடிக் கட்டுமானத்துக்கு ஆயத்தம் செய்யும் சிமேக்கை ஓட்டினேன். பிறகு நிரலைத் தொகுக்கும் மேக், அதன்பின் நிறுவுதல். ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் எல்லாம் முடிந்தது. பைத்தானைத் திறந்து பிஎல்பிளாட்டின் தொகுதியை அழைத்தபோதோ அப்படி ஒரு தொகுதியே இல்லை என்று வந்தது.

இரண்டு நாள் பாதைகளையும் சூழல் மாறிகளையும் மாற்றிப் பார்த்தேன். காரணம் முதல் படியிலேயே எழுதப்பட்டிருந்தது. சிமேக் ஓடி முடியும்போது எந்தெந்த மொழிப் பிணைப்புகள் கட்டப்படும், எந்தெந்தச் சாதனங்கள் கிடைக்கும் என்று ஒரு சுருக்கத்தை அச்சிடுகிறது. அதில் பைத்தானுக்கு நேராக ‘ஆஃப்’ என்று இருந்தது. தேவையான ஒன்று கிடைக்காவிட்டால் பிஎல்பிளாட்டின் கட்டுமானம் பெரும்பாலும் நின்றுபோவதில்லை. ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே போகிறது. திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும்போது அந்த எச்சரிக்கை கண்ணில் படுவதில்லை. ஆகவே மாணவச் செல்வங்களே, அந்தச் சுருக்கத்தைப் படித்து முடிக்காமல் மேக் என்று தட்டாதீர்கள்.

எனக்குக் கிடைக்காமல் போனது ஸ்விக். அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் பிணைப்பு என்ற சொல் விளங்கிவிடும். சி மொழியில் கோடு வரையும் செயற்கூறுக்கு மூன்று செய்திகள் தர வேண்டும்: எத்தனை புள்ளிகள், கிடைமதிப்புகள் இருக்கும் நினைவக முகவரி, நெடுமதிப்புகள் இருக்கும் முகவரி. பைத்தானில் நாம் இரண்டு நம்பை அணிகளை, அதாவது நம்பை என்ற எண்கணித நிரலகத்தின் எண் வரிசைகளை, மட்டும் கொடுக்கிறோம். இடையில் ஒருவர் நின்று, இரண்டு அணிகளின் நீளமும் சமமா என்று பார்த்து, அந்த நீளத்தையே புள்ளிகளின் எண்ணிக்கையாக்கி, முகவரிகளைச் சி-யிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த இடைநிலை நிரலைக் கையால் எழுதாமல், ஓர் இடைமுகக் கோப்பைப் படித்துத் தானே எழுதித் தருவதுதான் ஸ்விக்கின் வேலை. டேவிட் பீஸ்லி உருவாக்கி 1996-இல் வெளியிட்ட கருவி அது. ஆண்டுக்கணக்கில் அறிவியலாளர்கள் எழுதிச் சேர்த்த சி நிரலை, பைத்தான் மட்டும் தெரிந்த ஒரு மாணவி நாலு வரியில் பயன்படுத்த முடிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளபடியே நெகிழ்ச்சியாக இருக்கிறது.

ஸ்விக் எழுதிய நிரலைத் தொகுக்கப் பைத்தானின் தலைப்புக் கோப்புகளும் (செயற்கூறுகளின் அறிவிப்புகள் அடங்கிய கோப்புகள்) நம்பையின் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் ஓடும் கணினிகளில் பைத்தான் இருப்பதாலேயே அதன் தலைப்புக் கோப்புகளும் இருக்கும் என்று சொல்ல முடியாது. அவை ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதியில் வருகின்றன. பாங்கோவுக்கும் கெய்ரோவுக்கும் அப்படியே. கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தால், சிமேக் கண்டுபிடித்ததும் நீங்கள் ஓட்டுவதும் ஒன்றுதானா என்று பாருங்கள், 3.10-க்குக் கட்டிய தொகுதியை 3.12 ஏற்காது. 2023 அக்டோபரில் வந்த 3.12-இலிருந்து, தொகுதிகளைக் கட்டி நிறுவ உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டதால், அதை நம்பி எழுதிய பழைய கட்டுமானக் குறிப்புகள் இடறும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

விடுபட்ட பொதிகளை நிறுவிய பிறகும் எனக்கு அதே ‘ஆஃப்’ வந்தது. சிமேக் முன்பு தேடிக் கண்டதையும் காணாததையும் ஒரு தற்காலிகச் சேமிப்புக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதையே நம்புகிறது. கட்டுமானக் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு, வெறும் கோப்புறையில் மீண்டும் தொடங்குவதே நல்லது. கல்லூரி ஆய்வகக் கணினியில் நிர்வாகி அனுமதி கிடைக்காதவர்கள், நிறுவும் இடமாக உங்கள் சொந்தக் கோப்புறையைச் சிமேக்கிடம் சொல்லி, அந்த இடத்தைப் பைத்தானின் தேடுபாதையில் சேர்த்தால் போதும்.

இரண்டாவது தாளை இப்போது அனுப்புகிறேன். அதே எண்கள், அதே கோடுகள். கெய்ரோ சாதனத்தின் வழியாகப் பைத்தானிலிருந்து வரைந்தது. ‘நெ’யும் ‘வே’யும் தம் இடத்தில் நிற்கின்றன, ‘சேர்வலாறு’ம் சரியாக இருக்கிறது. ‘மணிமுத்தாறு’ என்பதில் ‘மு’வைச் சற்று உற்றுப் பாருங்கள்: முதல் தாளில் ‘ம’வும் உகரக் குறியும் தனித்தனியே விலகி நின்றன, இதில் ஒரே எழுத்தாகச் சேர்ந்திருக்கின்றன. உரை முடிந்ததும் ஆய்வகத்தில் வெறும் கோப்புறையிலிருந்து தொடங்கி உங்கள் கண்முன்னே கட்டிக் காட்டுகிறேன். அந்தச் சுருக்கம் திரையில் வரும்போது உங்களில் ஒருவர் அதை உரக்கப் படிக்க வேண்டும்.