காட்பாடியில இறங்குன ஐஸ் பெட்டி

வணக்கம் மக்களே! காட்பாடி ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன். பின்னாடி ஆட்டோக்காரங்க சவாரி கூப்புடற சத்தம் வரும், கண்டுக்காதீங்க.

எங்க மாமா பொண்ணு நீட்டுக்குப் படிக்குது. "தொற்றுநோய் டாக்டர்னா கொரோனா டாக்டராண்ணா?"ன்னு கேட்டுச்சு. சிரிப்பு வந்துச்சு, ஆனா டக்குன்னு பதில் வரல. எம்பிபிஎஸ் அஞ்சரை வருஷம், எம்.டி. மூணு, அதுக்கு மேல டி.எம்.ங்கற ஸ்பெஷல் படிப்பு மூணு. கூட்டிப் பாத்தா பதினொன்றரை வருஷம். சரி, இவ்ளோ படிச்சிட்டு என்னதான் பண்றாங்க? அதுக்குத்தான் இங்க வந்தேன்.

1986 பிப்ரவரி. மெட்ராஸ்ல இருந்து ராத்திரி ரயில்ல ஒரு புருஷன் பொண்டாட்டி இதே காட்பாடியில வந்து இறங்குறாங்க. கையில ஒரு ஐஸ் பெட்டி. உள்ள 80 பேரோட ரத்த சாம்பிள். அந்தம்மா பேரு நிர்மலா, மைக்ரோபயாலஜி ஸ்டூடண்ட். இந்தியாவுல எய்ட்ஸ் இருக்கா பாருன்னு ஆய்வுக்குத் தலைப்பு குடுத்தது அவங்க புரொபசர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் சுனிதி சாலமன். அப்போ எல்லாரும் என்ன நெனச்சாங்க? அதெல்லாம் அமெரிக்கா வியாதி, நம்ம ஊர்ல ஏதுன்னு. கிளவுஸ் கூட இல்லாம ரத்தம் எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜுல வச்சிருந்திருக்காங்க அந்த நிர்மலாம்மா. இப்ப நெனச்சாலும் பகீர்ங்குது.

இங்கேருந்து ஆட்டோ புடிச்சு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. அங்க வைரஸ் ஆராயற வைராலஜி லேப்ல ஜேக்கப் ஜான் டாக்டர் ஏற்பாடு. டெஸ்ட் போட்டு மூடியத் தெறந்தா ஆறு சாம்பிள் மஞ்சளா மாறி நிக்குது. மஞ்சளானா எச்.ஐ.வி. இருக்குன்னு அர்த்தம். அப்புறம் அமெரிக்காவுக்கு அனுப்பியும் உறுதியாச்சு. மே மாசம் சட்டசபையிலயே அறிவிச்சாங்க.

எனக்குப் பெருசாத் தெரியறது அதுக்கு அப்புறம் நடந்ததுதான். சுனிதி மேடம் லேபோட நின்னுக்கல. யாரும் தொடக்கூட பயந்த நோயாளிங்கள உக்கார வச்சுப் பேசினாங்க. 1993ல எச்.ஐ.வி. உள்ளவங்களுக்காக ஒய்.ஆர்.ஜி. கேர்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. எச்.ஐ.வி. உள்ளவங்களுக்குள்ளயே வரன் பாத்து கல்யாணம் கூட பண்ணி வச்சாங்க! 2015ல தவறிட்டாங்க, பத்மஸ்ரீ 2017லதான் வந்துச்சு. கொஞ்சம் முன்னாடியே குடுத்திருக்கலாம், இது என் ஆதங்கம்.

சரி, எங்க ஊட்டுக் கதைக்கு வர்றேன். எங்க ஆயாவுக்கு ஊரு ஒடுகத்தூர் பக்கம், மலையடிவாரம். ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போறவங்க. போன ஐப்பசியில ஒம்போது நாள் காய்ச்சல். ஒரு கிளினிக்ல டைபாய்டுன்னு சொல்லி தெனம் டிரிப்ஸ் ஏத்துனாங்க, காய்ச்சல் எறங்கவே இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்தோம். வயசான டாக்டர் ஒருத்தர், பின்னாடியே ஏழெட்டு ஸ்டூடண்ட் பசங்க. ஃபைலத் தொறக்கல அவரு. "ஏம்மா, புல்லு பொதர் பக்கம் போவீங்களா?"ன்னு கேட்டாரு. அப்புறம் அந்தப் பசங்களப் பாத்து, "உடம்பு முழுக்க யாரு பாத்தீங்க?"ன்னாரு. ஒருத்தரும் வாயத் தொறக்கல.

ஸ்கிரீன இழுத்து மூடிட்டு அதுல ஒரு பொண்ணு உள்ள போச்சு. பாவாடை நாடா இறுக்குற எடத்துல, சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல, ஆயாவுக்கே தெரியாது. ஸ்க்ரப் டைஃபஸ்! பொதர்ல இருக்கற கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடிச்சு வர்றது. டாக்ஸிசைக்ளின்னு ஒரு ஆன்டிபயாடிக் குடுத்தாங்க, ரெண்டே நாள்ல காய்ச்சல் விட்டுச்சு. முத்திப் போயிருந்தா அதோட அசித்ரோமைசினும் சேத்து ஊசியில குடுக்கறது நல்லா கேக்குதுன்னு 2023ல ஒரு பெரிய ஆய்வு வந்துது. அத முன்ன நின்னு நடத்துனதும் நம்ம வேலூர் சி.எம்.சி. டாக்டருங்கதான்.

அந்த டாக்டர் நெனச்சிருந்தா அவரே சொல்லி முடிச்சிருப்பாரு. ஸ்டூடண்ட தேட வச்சு, அதுவே கண்டுபிடிக்கற வரைக்கும் வெளிய நின்னினு இருந்தாரு பாருங்க, அதத்தான் மாமா பொண்ணுகிட்ட சொன்னேன்.

ஆயா கிட்ட கேட்டா வேற கதை சொல்லுது: "நாடாவ அவுத்துட்டு திருப்பிக் கட்டத் தெரியலடா அந்தப் பொண்ணுக்கு. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."