விடை தெரிந்த கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாடம் நடத்தி முடித்த ஆசிரியர், "புரிந்ததா?" என்று கேட்கிறார். "புரிந்தது சார்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் இழுத்துச் சொல்கிறது. நாம் எல்லோரும் அந்தக் கூட்டுக்குரலில் சேர்ந்து கத்தியவர்கள்தாம். அங்கே கேள்வி உண்டு, பதிலும் உண்டு. ஆனாலும் அதை உரையாடல் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. வகுப்பறையில் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிரியருக்கு முன்பே விடை தெரியும். மாணவர் அதைத் திருப்பிச் சொல்கிறாரா என்று பார்க்கவே அவை கேட்கப்படுகின்றன. கடைத்தெருவில் ஒருவரிடம் அப்படிக் கேட்டுப் பாருங்கள், முகம் சுளிப்பார்.

இந்தப் பழக்கத்தைக் கடுமையாகச் சாடியவர், 1921ஆம் ஆண்டு பிரேசிலின் ரெசிஃபே நகரில் பிறந்த கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே. வங்கிக் கணக்கில் பணம் போடுவதுபோல ஆசிரியர் செய்திகளைப் போட்டுவைக்கிறார், மாணவர் வாங்கி வைத்துக்கொள்கிறார் என்பது அவருடைய புகழ்பெற்ற குற்றச்சாட்டு. 1963ஆம் ஆண்டு ஆங்கிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சியை அவர் வழிநடத்தினார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்நாட்டில் அப்போது வாக்குரிமை இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அகரவரிசையைக் கையில் கொடுத்துத் தொடங்காமல், அந்த மக்களின் வாயில் புழங்கும் சொற்களை முதலில் போய்க் கேட்டறிந்து, அவற்றிலிருந்து பாடத்தை அமைப்பது அவர் முறை. செங்கல் என்ற சொல் என்றால், அதைச் சுமப்பவர் யார், அதனால் எழும் வீட்டில் குடியிருப்பவர் யார் என்று பேசிய பிறகே எழுத்துக்கு வருவார்கள். அந்த எழுத்துகளைப் பிரித்துச் சேர்க்கும் அழகைக் கரும்பலகை இல்லாமல் விளக்க முடியாது, ஆகவே விட்டுவிடுகிறேன். 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர் சிறை வைக்கப்பட்டு, பின்னர் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது.

அவர் பிற்காலத்தில் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். விவசாயிகள் சிலருடன் அவர் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு நன்றாகச் சூடுபிடித்திருக்கும் நேரத்தில் அவர்கள் திடீரென்று மௌனமாகிவிடுகிறார்கள். மன்னிக்க வேண்டும், பேச வேண்டியவர் நீங்கள்தாம், உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது என்கிறார் ஒருவர். ஃப்ரெய்ரே ஒரு விளையாட்டுக்கு அழைக்கிறார். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தமக்கு, மறுபக்கம் அவர்களுக்கு என்று ஒதுக்குகிறார். ஒருவர் கேட்கும் கேள்விக்கு மற்றவரால் விடை சொல்ல முடியாவிட்டால் கேட்டவருக்கு ஒரு புள்ளி. சாக்ரட்டீசின் உரையாடல் முறை என்ன என்று அவர் கேட்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள், விடை இல்லை. சரிவு நிலத்தில் சமமட்டக் கோடு என்றால் என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள், இவருக்குத் தெரியவில்லை. மார்க்சின் சிந்தனையில் ஹெகலுக்கு என்ன இடம் என்று இவர் கேட்க, மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது எதற்கு என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இலக்கணத்தில் வினைச்சொல் பற்றி ஒரு கேள்வி. அவர்கள் பக்கத்திலிருந்து பசுந்தாள் உரம் பற்றி ஒரு கேள்வி. ஆட்டம் பத்துக்குப் பத்து என்று முடிகிறது.

விவசாயிகள் பத்துப் புள்ளி பெற்றதைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். படித்த மனிதர் ஒருவர், தம்மிடம் கற்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பத்து முறை "தெரியாது" என்று சொல்ல நேர்ந்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆயினும், கூர்ந்து பார்த்தால் அந்த இருபது கேள்விகளும் கேட்பவருக்கு விடை தெரிந்த கேள்விகளே. எனக்குத் தெரிந்திருப்பதும் உங்களுக்குத் தெரியாதிருப்பதும் எதனால் என்று இன்னோர் உரையாடலில் அவர் கேட்கிறார். பேச்சு பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கடவுளின் விருப்பத்தைத் தொட்டு, நிலவுடைமையாளரிடம் வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்கும் அவர் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டாரோ என்ற ஐயம் எனக்கு உண்டு. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கப்படும் கேள்வி அவ்வளவு அரிதானது.

உரையாடல் என்றவுடன் ஆசிரியர் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஃப்ரெய்ரே அதை ஏற்கவில்லை. தாம் வெறும் துணையாளர் அல்லர், ஆசிரியரே என்று அவர் வற்புறுத்தினார்.

நேரம் நெருங்குகிறது என்று நிலைய அன்பர் சைகை காட்டுகிறார். ஆசிரியர், மாணவர் உறவைப் பற்றிச் சிந்தித்த தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபரைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1925ஆம் ஆண்டு ஹைடல்பெர்க் நகரில் கல்வியைப் பற்றி ஆற்றிய உரையில், ஆசிரியர் தமக்குப் பிடித்த மாணவரைத் தேர்ந்துகொள்பவர் அல்லர், முன்னே அமர்ந்திருக்கும் அத்தனை பேரையும் ஏற்றுக்கொள்பவர் என்றார் அவர். மாணவரின் இடத்திலிருந்தும் ஆசிரியர் பாடத்தை உணர வேண்டும். ஆசிரியரின் இடத்திலிருந்து மாணவர் அப்படி உணர இயலாது. இயன்றால் அந்த உறவு நட்பாக மாறிவிடும் என்பது அவர் கருத்து. 1957இல் மிச்சிகன் பல்கலைக்கழக மேடையில், சிகிச்சையாளருக்கும் அவரை நாடி வருபவருக்கும் இடையே சமநிலை உண்டு என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வாதிட்டபோதும், உதவுபவரும் உதவி பெறுபவரும் ஒரே நிலையில் இல்லை என்பதிலிருந்து பூபர் இறங்கி வரவில்லை. அந்த விவாதத்தை விரித்துச் சொல்லக் குறிப்பு வைத்திருந்தேன், நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.