தோட்டத்துக்கு ஒரு வேலி

வணக்கம் நேயர்களே.

பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மைப்படுத்தக் கிளம்பிய தீவிரக் கிறிஸ்தவர்கள் என்றதும், மதத்தையும் அரசையும் ஒன்றாகக் கட்டிப்போட்ட கடுமையான கூட்டம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி இன்று பேசுகிறேன்.

1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் இறங்கிய பியூரிட்டன்கள், இங்கிலாந்தில் அடிபட்டு வந்தவர்கள். அங்கே அரசரே திருச்சபைக்குத் தலைவர். சபை நீதிமன்றமே அபராதம் போடும், சிறையிலும் தள்ளும். அதனால் புதிய மண்ணில் போதகருக்கு அரசுப் பதவி கிடையாது என்று வைத்தார்கள். கல்யாணத்தைக்கூட நீதிபதிதான் நடத்திவைத்தார். சபை ஒருவரை விலக்கிவைத்தாலும் அவருடைய அரசுப் பதவி பறிபோகாது என்றது 1641ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனை கூடாது, கணவன் மனைவியை அடிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் வேறு தெய்வத்தை வணங்கினால் மரண தண்டனை என்பதும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. வாக்குரிமையோ 1631 முதல் சபை உறுப்பினர்களான ஆண்களுக்கு மட்டும்தான். பதவிகளைப் பிரித்தார்கள், மனச்சாட்சியை அரசின் கையிலேயே விட்டுவிட்டார்கள்.

வின்த்ராப் இதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார். 1645இல் அவர் மீதே ஒரு வழக்கு வந்து, விடுதலையானதும் குடியேற்றத்தின் பொதுமன்றத்தின் முன் பேசினார். மனம்போனபடி நடக்கும் சுதந்திரம் மிருகங்களுக்கும் உண்டு, நல்லதையும் நேர்மையானதையும் செய்யும் சுதந்திரமே மனிதனுக்கு உரியது, அதிகாரத்துக்குப் பணிந்துதான் அது நிலைக்கும் என்பது அவர் வாதம். இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். அதில் ஆழம் இருக்கிறது. ஆனால், எது நல்லது என்று யார் தீர்மானிப்பது?

அந்தக் கேள்வியைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் போதகர் ரோஜர் வில்லியம்ஸ். அவரும் பியூரிட்டன்தான், இவர்களைவிடக் கண்டிப்பானவர். பத்துக் கட்டளைகளில் முதல் நான்கும் மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலானவை, அதில் நீதிபதிக்கு வேலை இல்லை என்றார். விசுவாசம் இல்லாதவனைக் கடவுள் பெயரால் சத்தியம் செய்யவைப்பதும் பாவம் என்றார். 1635 அக்டோபரில் அவரை நாடுகடத்தத் தீர்ப்பானது. கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடப் பார்த்தார்கள். 1636 ஜனவரியில், கொட்டும் பனியில் தப்பிப் போனார். தெற்கே, நாராகன்செட் பழங்குடிகள் வாழ்ந்த விரிகுடாப் பக்கம் போகும்படி வின்த்ராப்பே தனக்கு ரகசியமாக எழுதினார் என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு இந்த இடம் ரொம்பவே பிடிக்கும்.

நாராகன்செட் மக்களிடம் நிலம் பெற்று அவர் அமைத்த ஊர்தான் பிராவிடன்ஸ். ரோட் ஐலண்ட் குடியேற்றம் அதிலிருந்துதான் தொடங்கியது. 1644இல் அவர் எழுதினார்: திருச்சபை ஒரு தோட்டம், உலகம் ஒரு காடு, இரண்டுக்கும் நடுவே வேலி வேண்டும். சபையிடமிருந்து அரசைக் காப்பதைவிட, அரசின் கை படாமல் தோட்டத்தைக் காப்பதுதான் அவருக்கு முதல் கவலை. கட்டாயப்படுத்திச் செய்யவைக்கும் வழிபாடு கடவுளுக்கே அருவருப்பு என்று நம்பினார். பக்தி குறைந்து வந்த சுதந்திரம் இல்லை இது. பக்தி முற்றி வந்தது.

அதற்கான சோதனை குவேக்கர்கள் வடிவில் வந்தது. போதகரே வேண்டாம், ஒவ்வொருவர் உள்ளத்திலும் கடவுளின் ஒளி உண்டு என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். 1659க்கும் 1661க்கும் இடையில் மாசசூசெட்ஸின் பாஸ்டனில் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள், மேரி டயர் என்ற பெண் உட்பட. அவர்களைத் துரத்திவிடும்படி அண்டைக் குடியேற்றங்கள் 1657இலேயே ரோட் ஐலண்டை நெருக்கின. ரோட் ஐலண்ட் மறுத்துவிட்டது.

இத்தனைக்கும் குவேக்கர் போதனை வில்லியம்ஸுக்கு அறவே ஆகாது. 1672இல், கிட்டத்தட்ட எழுபது வயதில், பிராவிடன்ஸிலிருந்து நியூபோர்ட் வரை நாள் முழுக்கத் தானே துடுப்புப் போட்டுப் போய், அவர்களுடைய கூட்ட அரங்கிலேயே மூன்று நாள் அவர்களோடு வாதாடினார். அப்போது ரோட் ஐலண்டின் ஆளுநரே ஒரு குவேக்கர்தான். வாதம் காரசாரமாக நடந்தது. இரு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. நான்காம் நாள் வாதத்தைப் பிராவிடன்ஸில் வைத்துக்கொண்டார்கள்.

நன்றி, வணக்கம்.